லண்டன் வேலை, திருகோணமலை இரவு: பேச்சைக் குறைத்துக்கொண்ட ஊழியர்

திருகோணமலையில் இருந்து லண்டன் வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் உங்கள் ஆறு ஊழியர்களில் ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஆறு பேரையும் சூமில் கூட்டி நலம் விசாரிக்க வேண்டாம். மூன்று வாரமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்றீர்களே, அந்த நிலாவெளிப் பெண்ணை மட்டும் போனில் கூப்பிடுங்கள். வீடியோ வேண்டாம். வேலையைப் பற்றிக் கேட்காமல், அவர் பேசும்வரை பொறுங்கள். மற்றவர்கள் முன்னால் மனம் திறப்பது யாருக்கும் கஷ்டம்.

லண்டன் நேரம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அங்கே மாலை 5 மணி என்றால் அதுவரை நமக்கு இரவு 9.30, அதன்பிறகு 10.30. காலையில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் அவரைப் போன்ற தாய்க்கு அந்த ஒரு மணி நேரம் முழுக்கத் தூக்கத்தில்தான் குறையும்.

சரிபார்க்க ஒரு வழி: வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக இரவு 10 மணிக்குப் பிறகு வந்த செய்திகளை எண்ணுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. "நாளைக்குப் பாருங்கள்" என்று நீங்கள் எழுதினாலும் அவர் அப்போதே பார்ப்பார். நிறைய இருந்தால் வேலை முடியும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். வாடிக்கையாளரிடம் அதை நீங்களே சொல்லுங்கள், அந்த ஊழியரைச் சொல்ல விடாதீர்கள்.

ஆனால் நேரத்தை மாற்றியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால், அது முதலாளி தீர்க்கும் விஷயம் அல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கொடுங்கள், 24 மணி நேரமும் எடுக்கலாம். எடுத்தாரா என்று திரும்பக் கேட்க வேண்டாம்.