ஒயிட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) கேமராவிலேயே சரிசெய்ய வேண்டுமா, அப்புறம் கணினியில் பார்த்துக்கொள்ளலாமா?

நீங்கள் எடுப்பது ராவா (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு), ஜேபெக்கா (கேமராவே முடித்துத் தரும் படம்) என்பதைப் பொறுத்தது.

ரா என்றால், கேமராவில் வைக்கும் ஒயிட் பேலன்ஸ் படத்தைத் தொடுவதே இல்லை. சென்சார் பிடித்த எண்கள் அப்படியே இருக்கும். நீங்கள் வைத்த அளவு ஒரு குறிப்பாக மட்டும் கோப்போடு சேர்ந்து வரும். 5500 கெல்வினில் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அலகு) எடுத்ததைக் கணினியில் 3000 என்று மாற்றினாலும் தரம் குறையாது. ஆனால் கேமரா திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்), ராவில் எடுத்தாலும், ஜேபெக் முன்னோட்டத்திலிருந்துதான் வரும். ஒயிட் பேலன்ஸ் ரொம்பத் தப்பாக இருந்தால் அதை நம்பி எக்ஸ்போஷரையும் (படத்துக்கு விடும் ஒளியின் அளவு) தப்பாக வைத்துவிடுவோம். அதனால் ராவிலும் ஓரளவு சரியாக வைத்துக்கொள்வது நல்லது.

ஜேபெக்கில் நிலைமையே வேறு. கேமரா நிறத்தை முடிவு செய்து, சானலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும்) 256 படிகளாகச் சுருக்கி, மீதியைத் தூக்கி எறிந்துவிடும். ஒரு குடும்ப நிகழ்வை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், டேலைட் (பகல் வெளிச்ச) அமைப்பை மாற்ற மறந்து, முழுக்க ஜேபெக்கில் எடுத்தேன். முகங்களில் சிவப்பு சானல் உச்சியில் முட்டி நின்றது, நீலத்தில் ஒன்றுமே இல்லை. நீலத்தை ஏற்ற ஏற்ற நாய்ஸ்தான் (புள்ளிப்புள்ளியான கரகரப்பு) வந்தது, தோல் நிறம் வரவே இல்லை. அந்தப் படங்களை இன்னொரு முறை எடுக்க முடியாது என்பது இன்னும் உறுத்துகிறது.

அப்போதிருந்து, ராவில் எடுத்தாலும், வெளிச்சம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் சாம்பல் அட்டையை வைத்து ஒரு ஃபிரேம் எடுத்துவிடுகிறேன். நம் கண் எந்த வெளிச்சத்துக்கும் பழகிக்கொள்ளும். இரண்டு நாள் கழித்துத் திரை முன் உட்கார்ந்தால், அந்தச் சட்டை வெள்ளையா இளமஞ்சளா என்று நினைவிருக்காது. அட்டை இருந்தால், கணினியில் அதன்மேல் ஒரே கிளிக், நிறம் சரியாகிவிடும். அதே அளவை மற்றப் படங்களுக்கும் ஒட்டிவிடலாம். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஃபிரேமுக்கு ஃபிரேம் நிறம் நகரலாம், அதைச் சமன் செய்வதுதான் பெரிய வேலை. சூரிய அஸ்தமனத்துக்கு மட்டும் அட்டை வேண்டாம்; அந்தச் செம்மஞ்சளைத்தானே எடுக்கப் போனோம்! டேலைட்டில் வைத்துவிடுங்கள்.

ஜன்னல் வெளிச்சமும் பல்பும் ஒரே முகத்தில் விழுந்தால், கேமராவிலும் கணினியிலும் ஒரே அளவு இரண்டுக்கும் பொருந்தாது. முடிந்தால் பல்பை அணைத்துவிட்டு எடுங்கள்.