வட்டிக்குப் பயந்து கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: கல்முனைக்குப் போகும் வழியில் மாடு குறுக்கே வர, என் கார் மதகில் மோதிவிட்டது. முழுக் காப்புறுதி இருக்கிறது. கராஜ் கணக்கு 6 இலட்சம் ரூபா. காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் 4 இலட்சத்து 10 ஆயிரம் என்கிறார். மச்சான் அவசரப்படுத்தியதால் தனியார் கடையில் நகையை 5 இலட்சத்துக்கு அடகு வைத்து, வேலையைத் தொடங்கிவிட்டேன். மாதம் 2 வீத வட்டி. போன வருடம் வீட்டுக் கூரைக்கும் அவர் சொல்லித்தான் அடகு வைத்தேன். காப்புறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டு, மீதிக்குத் தொலைபேசிச் செயலியில் கடன் எடுக்கவா?
— ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: வேண்டாம், சகோதரி. இரண்டுமே வேண்டாம்.

மதிப்பீட்டாளரை விட உங்கள் அடகுச் சீட்டுத்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. வட்டி ஓடுகிறதே என்ற பதற்றத்தில்தான் குறைந்த தொகைக்குத் தலையாட்டப் பார்க்கிறீர்கள். கூரைக்கும் இதே கதைதான். மச்சான் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் மாதாமாதம் வட்டி கட்டுவது நீங்கள்.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். 6 இலட்சத்தில் உதிரிப்பாகங்கள் 4 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொலிசியில் தேய்மானம் (பழைய பாகத்துக்குப் புதியது போடுவதற்கான கழிவு) 15 வீதமென்றால் 60 ஆயிரம் கழியும். நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு 25 ஆயிரம் என்றால், நியாயமாக வர வேண்டியது 5 இலட்சத்து 15 ஆயிரம். அவர்கள் தருவதற்கும் இதற்கும் வித்தியாசம் 1 இலட்சத்து 5 ஆயிரம். அடகு வட்டியோ மாதம் 10 ஆயிரம். மூன்று மாதம் காத்திருந்தாலும் 30 ஆயிரம்தான். அந்த 30 ஆயிரத்துக்குப் பயந்தா ஓர் இலட்சத்துக்கு மேல் விடப்போகிறீர்கள்?

அந்தப் படிவத்தின் கடைசி வரியை வாசித்துப் பாருங்கள். ‘முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு’ என்று இருந்தால், கையெழுத்திட்ட பிறகு மேற்கொண்டு கேட்பது மிகக் கடினம். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு, எதற்காகக் கழித்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் கழித்ததைப் பொலிசியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். காரின் இன்றைய சந்தை விலையை விடக் குறைவாகக் காப்புறுதி செய்திருந்தால், அந்த விகிதத்தில் இழப்பீடும் குறையலாம். மதிப்பீட்டாளர் பார்த்ததை வைத்துத்தான் எழுதுவார். பம்பரைக் கழற்றிய பிறகே தெரியவரும் ரேடியேட்டர் சேதம் போன்றவை அவர் கண்ணில் பட்டிருக்காது. அப்படி ஏதாவது இருந்தால் மீண்டும் பரிசோதிக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நிறுவனம் மறுத்தால், காப்புறுதி முறைப்பாடுகளை நடுநிலையாக விசாரிக்கும், கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

செயலிக் கடனைப் பற்றி ஒரே சொல்: தொடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பணம் வருவது உண்மைதான். வட்டியும் சேவைக் கட்டணமும் அதைவிட வேகமாக வரும்.

பணம் வந்ததும் முதலில் நகையை மீட்டுவிடுங்கள். இன்றே கராஜுக்குத் தொலைபேசியில் அழைத்து, கழற்றிய பாகங்கள் எதையும் வீசவேண்டாம், மறுபரிசோதனையில் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். இடம் பற்றாவிட்டால் உங்கள் வீட்டுத் திண்ணையிலாவது கொண்டுவந்து வையுங்கள்.