வளையலைக் குடுத்தாத்தான் மன்னிச்சதா அர்த்தமா?

அண்ணா, ஸ்தோத்திரம். எங்க ஓரகத்தி அக்கா நாலு வருஷம் முந்தி அவசரம்னு என் நாலு பவுன் சங்கிலியை வாங்கி அடகு வச்சாங்க, வட்டி கட்டல, ஏலத்துல போயிருச்சு. கேட்டதுக்கு நான் குடும்பத்தைப் பிரிக்க வந்தவன்னு சொந்தக்காரங்க வீடு பூரா சொல்லி வச்சுட்டாங்க. இப்ப மறுபடி என் வளையலைக் கேக்குறாங்க. "சத்துருவைச் சிநேகிக்கணும்மா, மன்னிச்சது உண்மைன்னா நம்பிக் குடு"ன்னு சபைப் பெரியவர் ஒருத்தர் சொல்றார். அக்காவுக்கு அடுத்த வாரம் மூட்டு ஆபரேஷன் வேற. குடுக்க எனக்கு மனசு வரல, அப்ப நான் மன்னிக்கலையா? இந்த உறுத்தல்ல மூணு மாசமா சபையில அப்பமும் ரசமும் குடுக்கற ராப்போஜனம் எடுக்கல.
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

தங்கச்சி, ஸ்தோத்திரம்.

அந்தப் பெரியவர் சொன்னதுல பாதி வேதத்துல இருக்கு, மீதிப் பாதி அவர் கையிலேர்ந்து போட்டது. சத்துருவைச் சிநேகிக்கணும்னு மத்தேயு 5:44ல இருக்கு, சரி. நம்பணும்னு எங்க இருக்கு? யோவான் 2:24ஐ எடுத்து வாசிங்க, ஜனங்க அற்புதத்தைப் பாத்துட்டு அவர் மேல விசுவாசம் வைக்கிறாங்க, இயேசுவோ எல்லாரையும் அறிஞ்சிருந்ததால அவங்களை நம்பி இணங்கலன்னு இருக்கு. அதே ஜனங்களுக்காகத்தான் சிலுவைக்கும் போனார். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரை விசாரணையில ஒரு சேவகன் அறைஞ்சப்போ, நான் சொன்னது சரின்னா என்னை ஏன் அடிக்கிறாய்னு நேரா கேட்டார் (யோவான் 18:23). இதையெல்லாம் பிரசங்கத்துல யாரும் ஏன் எடுக்கறதில்லன்னு எனக்குத் தெரியல, எடுத்தா அப்புறம் மருமகளுங்களை அடக்க வசனம் பத்தாதுன்னோ என்னவோ.

எனக்கு இந்த விஷயத்துல எப்பவும் ஞாபகம் வர்றது கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாதான். அவங்க வீட்டுக்காரர் கிரஹாம் ஸ்டெயின்ஸ் 1965லயே ஆஸ்திரேலியாவுலேர்ந்து வந்து ஒடிசா பாரிபடாவுல குஷ்டரோகிகளைப் பாத்துக்கிட்டவர். 1999 ஜனவரி 22 ராத்திரி மனோகர்பூர்ங்கற கிராமத்துல வண்டிக்குள்ள படுத்துத் தூங்குறாரு, கூட ரெண்டு பசங்க, பிலிப்புக்கு பத்து வயசு, திமோத்திக்கு ஆறு. ஒரு கும்பல் வந்து வண்டியோட கொளுத்திருச்சு. அடக்க ஆராதனையில அந்தம்மாவும் மிச்சம் இருந்த ஒரே மகளும் எழுந்து நின்னு பாட்டு பாடினாங்க. மன்னிச்சுட்டேன்னு சொன்னாங்க, சொன்னதோட ஊருக்குக் கிளம்பிடாம அந்த நோயாளிகளோடயே அஞ்சு வருஷத்துக்கு மேல இருந்தாங்க. 2005ல பத்மஸ்ரீ குடுத்தாங்க.

எல்லாரும் இதோட நிறுத்திடுவாங்க. ஆனா வழக்கு நிக்கல தங்கச்சி. 2003ல முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு தூக்குன்னு தீர்ப்பாச்சு, 2005ல ஹைகோர்ட் ஆயுளா குறைச்சுது, 2011ல சுப்ரீம் கோர்ட் அதையே உறுதி பண்ணுச்சு. மன்னிப்பு வேற, குத்தத்துக்கு வர்ற விளைவு வேறங்கறதுல அந்தம்மா தெளிவா இருந்தாங்க. கொன்னவங்க திருந்திடுவாங்கன்னு நம்பியா மன்னிச்சாங்க? 1 பேதுரு 2:23ல வருதே, இயேசு பாடுபட்டப்போ பயமுறுத்தாம, நியாயமா தீர்ப்புச் செய்றவருக்குத் தன்னை ஒப்புவிச்சார்னு, நம்பிக்கை வைக்கிற இடம் அங்க. பழிவாங்குற வேலையை நம்ம கையிலேர்ந்து எடுத்து அவர்கிட்ட குடுத்துடறது, அவ்வளவுதான். நம்ம பீரோ சாவியை இன்னொருத்தர்கிட்ட குடுக்கறது அதுல வராது.

கைம்மாறு கருதாம கடன் குடுக்கச் சொல்லி லூக்கா 6:35ல இருக்கேன்னு நீங்க கேக்கலாம். இருக்கு. எனக்கே கஷ்டமான வசனம், ஒரு நண்பனுக்குக் கடன் குடுத்துட்டு அவன் கடை இருக்கற தெரு வழியாவே ஆறு வருஷம் போகாதவன் நான், சுத்தி சுத்திப் போய் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். அதுலேர்ந்து நான் வச்சிருக்கற கணக்கு, திரும்பி வரலன்னா ராத்திரி தூக்கம் கெடாத தொகை எவ்வளவோ அதை உதவின்னு சொல்லியே குடுத்துடணும், அதுக்கு மேல முடியாதுன்னு முகத்தைப் பாத்து சொல்லிடணும். "அக்கா, வளையல் தர முடியாது, சங்கிலி போன வருத்தம் இன்னும் இருக்கு, ஆனா உங்களுக்கு ஒண்ணுன்னா நான் வருவேன்"னு சொல்லுங்க. அவங்க ஊர் பூரா இன்னொரு ரவுண்டு பேசுவாங்க, பேசட்டும். பதிலுக்கு நீங்க ஒரு வீட்டுலயும் வாயைத் திறக்காம இருக்கறதுதான் இதுல ரொம்பக் கஷ்டம், எனக்கெல்லாம் அது ரெண்டு நாள் கூட தாங்காது.

ராப்போஜனத்துக்குப் போங்க, மூணு மாசம் போதும். ஆபரேஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கும் போங்க, கஞ்சி வச்சு எடுத்துட்டுப் போங்க, ரெண்டு ராத்திரி கூட இருக்க முடிஞ்சா இருங்க. வளையலை மட்டும் வீட்லயே கழட்டி வச்சுட்டுப் போங்க.