பிசினஸ் லேப்டாப்பில் கம்பெனி தராத பாகங்களைப் போட்டால் ஓடுமா?

கேள்வி: கம்பெனிகள் கழித்துவிட்ட பழைய பிசினஸ் லேப்டாப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். தயாரித்தவர்கள் சொல்லும் அளவுக்கு மேல் ராம், அவர்கள் அந்த மாடலுக்குக் கொடுக்காத டிஸ்ப்ளே இதெல்லாம் போடலாமா? கடையில் கேட்டால் கூடாது என்கிறார்கள்.

போடலாம். ஓடும். எதில் ஓடாது என்பதையும் கீழே சொல்கிறேன்.

"கடையில் கேட்டால் கூடாது என்கிறார்கள்" என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. தஞ்சாவூரில் ஒரு கடையில் எனக்கும் இதையே சொன்னார்கள். சொன்ன விதம்தான் இன்னும் மனதில் இருக்கிறது. "தம்பி, போர்டு போயிடும், அப்புறம் நம்மகிட்டதான் வந்து நிப்பீங்க" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்த லேப்டாப்பில்தான் இந்தப் பதிலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் என்னைப் போல புது லேப்டாப்புக்குக் காசு போட முடியாமல்தான் செகண்ட்ஹாண்டுக்குப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் மன்னார்குடிப் பக்கம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவன். இன்ஜினியர் இல்லை. என்னிடம் இருப்பது லெனோவோவின் திங்க்பேட் டி480, 2018 மாடல். அதைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது கரை கடந்த பிறகு எங்கள் பக்கம் கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று இங்கே உள்ளவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர் வைத்துக் காசுக்குச் செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்த காலம் அது. அப்போது நான் வைத்திருந்தது பேட்டரியைக் கழற்றவே முடியாத மெல்லிசு லேப்டாப். முடிக்க வேண்டிய ஆல்பங்கள் எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தன.

டி480-ல் உள்ளே 24 வாட்-அவர் பேட்டரி ஒன்று, வெளியே கழற்றி மாட்டும் பேட்டரி ஒன்று. வெளிப் பேட்டரியில் 72 வாட்-அவர் வரைக்கும் உண்டு. உள்பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே உள்ளதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம், மெஷினை அணைக்க வேண்டாம். இது கம்பெனி கொடுத்ததே. குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

திரைதான் வேறு கதை. இந்த மாடலில் பரவலாகக் கிடைப்பது 250 நிட்ஸ் வெளிச்சம் உள்ள ஃபுல் எச்டி பேனல். வண்ணம் 45 சதவீத என்டிஎஸ்சி; திரை எவ்வளவு வண்ணம் காட்டும் என்பதற்கான ஓர் அளவுகோல் அது. கணக்கு வழக்குப் பார்க்கிறவருக்கு இதுவே தாராளம். ஆல்பம் போடுகிறவனுக்கு ஆகாது. போட்டோக்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் எஸ்ஆர்ஜிபி வண்ணங்களிலேயே முக்கால் பங்குகூட அதில் தெரியாது. சிவப்பு முதலில் செத்துவிடும். திருபுவனம் பட்டு என்று ஆசை ஆசையாக எடுத்த அரக்குச் சேலை திரையில் செங்கல் பொடி மாதிரி தெரியும். அதை நம்பிக் கூட்டிக் குறைத்தால் லேபிலிருந்து வரும் பிரிண்டில் பெண்ணின் முகம் தக்காளியாகிவிடும். "கேலிபரேட் பண்ணாமல் (திரையின் வண்ணத்தை அளந்து சரி செய்யாமல்) பேசாதே" என்று யாராவது கீழே வருவார்கள். பேனலால் காட்டவே முடியாத வண்ணத்தைக் கேலிபரேட் செய்து வரவழைக்க முடியாது, ஐயா.

அடுத்த வருஷம் வந்த டி490-க்கு 400 நிட்ஸில், முழு எஸ்ஆர்ஜிபியும் காட்டும், கரண்டும் குறைவாகக் குடிக்கிற பேனல் கொடுத்தார்கள். டி480-க்கு அது பட்டியலிலேயே கிடையாது. ஆனால் இரண்டும் 14 இன்ச், இரண்டும் ஃபுல் எச்டி. இன்னோலக்ஸின் என்140எச்சிஜி வகைப் பேனல் டி480-ன் 30 பின் (இணைப்பு முனை) கேபிளிலேயே உட்காரும். எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இந்தக் கேபிள்தான். தொடுதிரை உள்ள டி480-ல் கேபிள் 40 பின். 2560×1440 பேனலுக்கும் 40 பின்தான். உங்கள் மெஷினில் எது இருக்கிறது என்று பார்க்காமல் பேனல் ஆர்டர் போடாதீர்கள்.

பிரிப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, கடைக்காரர்களே நிறையப் பேர் செய்வதில்லை. வெளிப் பேட்டரியைக் கழற்றிவிட்டால் போதாது, உள்பேட்டரி உயிரோடு இருக்கும். பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் பகுதி) போய், கான்ஃபிக், பவர், அதற்குள் 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி'. அதைக் கொடுத்ததும் மெஷின் அணைந்துவிடும். திரும்பச் சார்ஜரை மாட்டினால்தான் உள்பேட்டரி விழிக்கும். இதைச் செய்யாமல் திரைக் கேபிளை உருவினால் அந்தக் கடைக்காரர் சொன்ன "போர்டு போயிடும்" உண்மையாகவே நடக்கலாம்.

புதுத் திரையில் முதலில் திறந்து பார்த்தது ஏற்கெனவே பிரிண்ட் போட்டுக் கொடுத்த ஒரு நிச்சயதார்த்த ஆல்பம். பக்கத்தில் பிரிண்டையும் வைத்துக்கொண்டேன். அரக்கு அரக்காகவே இருந்தது. அந்த ஆல்பத்துக்கு இன்னும் காசு வரவில்லை என்பது தனி. இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும்: மண்டபத்துக்கும் சமையலுக்கும் நாதஸ்வரத்துக்கும் அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவார்கள். ஆல்பத்துக்கு மட்டும் "மொய்க் கணக்குப் பார்த்துட்டுத் தர்றோம்", "அறுவடை முடியட்டும்". கடைசியில் அதே பெண்ணின் வளைகாப்புக்குப் போட்டோ எடுக்கக் கூப்பிடும்போதுதான் பழைய பாக்கி ஞாபகம் வரும், அதுவும் எனக்குத்தான் வரும். சரி, அதை விடுங்கள்.

ராம். டி480-க்கு அதிகபட்சம் 32 ஜிபி என்றுதான் போட்டிருக்கும். இன்டெல்லும் அந்த 8-ஆம் தலைமுறை யு வகைச் சிப்புகளுக்கு 32 என்றுதான் எழுதியிருக்கிறது. நான் 64 போட்டிருக்கிறேன். மெஷின் வந்த சமயத்தில் லேப்டாப்புக்கு ஒற்றை ராம் குச்சியில் 32 ஜிபி கடைகளில் கிடையாது, 16-தான். இரண்டு ஸ்லாட்டுக்கு 32 என்று எழுதினார்கள். பிறகு பெரிய குச்சி வந்தது, போர்டு அதையும் ஏற்றுக்கொள்கிறது. 3200 வேகக் குச்சி வாங்கினாலும் இதில் 2400-ல்தான் ஓடும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். போட்டதும் முதல் தடவை திரை கொஞ்ச நேரம் கறுப்பாகவே நிற்கும். பதறிப் போய் அணைத்துவிடாதீர்கள்.

இதை வைத்து எல்லா மாடலிலும் இரண்டு மடங்கு போடலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. 2011-ன் திங்க்பேட் எக்ஸ்220-க்கு 8 ஜிபி என்று போட்டிருந்தாலும் 16 ஓடும், இன்டெல்லே அந்தச் சிப்புக்கு 16 என்கிறது. ஆனால் 2013-ன் டி440பி-யில் 16-க்கு மேல் போகாது. அந்தத் தலைமுறைச் சிப்பில் ராமைக் கையாளும் மெமரி கன்ட்ரோலருக்கு 16 ஜிபி டிடிஆர்3 குச்சி புரியாது. அதிலும் 1.35 வோல்ட் ராம்தான் வேண்டும், பழைய 1.5 வோல்ட் குச்சி ஆகாது. ஒன்று காகிதத்தில் உள்ள வரம்பு, மற்றது சிலிக்கானில் உள்ள வரம்பு. கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வைஃபை கார்டில் இன்னொரு சங்கதி உண்டு. அந்தக் காலத்துத் திங்க்பேட்களிலும் எச்பி பிசினஸ் மாடல்கள் பலவற்றிலும், பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் பூட் ஆகாமல் நின்றுவிடும். டி480-ல் அந்தத் தொல்லை இல்லை. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் போடலாம். ஏஎக்ஸ்201 மட்டும் வேண்டாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவு, ஆனால் வைஃபை வேலையில் பாதியைப் போர்டில் உள்ள சிப்செட் செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டில் செய்த கார்டு அது. டி480-ல் அந்த வசதி கிடையாது.

வாரண்டி போய்விடுமே என்பவர்களுக்கு: கழித்துவிட்ட மெஷினில் வாரண்டி எங்கே இருக்கிறது? ஆபீஸ் கொடுத்த லேப்டாப் என்றால் மட்டும் தொடாதீர்கள், அது உங்களுடையது இல்லை. "இவ்வளவு மெனக்கெடுவதற்குப் பதில் மேக் வாங்கலாமே" என்பவர்கள் தாராளமாக வாங்கித் தரலாம், விலாசம் தருகிறேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பேனலின் பின்பக்கம் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். "ஃபுல் எச்டி ஐபிஎஸ்" என்று மட்டும் சொல்கிறவர் பழைய 45 சதவீதப் பேனலையே தலையில் கட்டிவிடுவார். முழு மாடல் எண் தெரிந்தால் வெளிச்சம், வண்ணம், பின் எண்ணிக்கை மூன்றையும் நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் லேப்டாப் எந்த மாடல் என்று கேள்வியில் போடவில்லையே, கமெண்டில் சொல்லுங்கள். ஆவணி முகூர்த்தம் ஆரம்பிப்பதற்குள் கேட்டால் உடனே பதில் வரும்.