வைத்த மணிகள் எப்போது கரையும்?

கேள்வி: விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு அமுங்கிவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தி, குழியில் எலும்புக்கு மாற்றான பீட்டா டி.சி.பி. (பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்) மணிகளை நிரப்பி, பிளேட் வைத்தார்கள். 4 மாதம் ஆகியும் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. எலும்பு சேரவில்லையா? - வாசகர், ஈரோடு

பதில்: 4 மாதத்தில் அவை தெரியத்தான் செய்யும். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் கரைய பொதுவாக 6 முதல் 18 மாதம் பிடிக்கும். வெள்ளையாக இருப்பதை மட்டும் வைத்து எலும்பு சேர்ந்தது என்றோ சேரவில்லை என்றோ சொல்ல முடியாது. மணிகளின் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். அது மங்கி, பக்கத்து எலும்போடு கலந்து தெரிந்தால் நல்ல அறிகுறி. சுற்றிலும் கறுப்புக் கோடு விழுந்து, அடுத்தடுத்த படங்களில் அகலமாகிக்கொண்டே போனால் சி.டி. எடுத்துப் பார்ப்பது நல்லது.

சீக்கிரம் கரைந்தால் நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். இதேபோல் குழியை நிரப்ப வைக்கும் கால்சியம் சல்பேட் 4 முதல் 12 வாரத்தில் கரைந்துவிடும். அதற்குள் எலும்பு வளராவிட்டால் மறுபடி வெற்றுக் குழிதான். காயத்திலிருந்து தெளிந்த நீர் கசியும் தொல்லையும் அதில் உண்டு. ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற இன்னொரு நிரப்புப் பொருள் எதிர்முனை, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதால்தான் உங்களுக்கு டி.சி.பி. வைத்திருப்பார்கள்.

மணிகள் எடை தாங்காது, சுமப்பது பிளேட்தான். டாக்டர் சொல்லும் முன் காலை ஊன்றி நடந்தால், தூக்கி நிறுத்திய மூட்டுப் பரப்பு மறுபடி அமுங்கும். காய்ச்சல், சீழ் இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பல் பிடுங்கிய குழியில் எலும்புத் துகள் வைத்தார்கள். வாயில் மணல்போல் சில துகள்கள் வருகின்றன. - வாசகி, மதுரை

பதில்: முதல் சில நாட்களில் நாலைந்து துகள்கள் உதிர்வது சகஜம். வேகமாகக் கொப்பளிக்க வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம், புகை கூடவே கூடாது. கொத்தாக வந்தாலோ, நாற்றமோ வலியோ கூடினாலோ பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பி.எல்.ஏ.வில் (உடலில் சிதையும் பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக்) உப்பு கரைப்பு முறையில், அதாவது உப்பைக் கலந்து பிறகு நீரில் கரைத்துத் துளை உண்டாக்கி, ஸ்கேஃபோல்டு (எலும்பு வளர உதவும் துளைச் சட்டகம்) செய்தோம். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் சுருங்கிவிட்டது. சிதைவுச் சோதனைக்கு ஊறவைத்த பஃபரில் (பி.எச். எனும் அமில-கார அளவு மாறாமல் காக்கும் கரைசல்) பி.எச்.சும் இறங்குகிறது. - பயோமெடிக்கல் மாணவர்கள், கோவை

பதில்: பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். 121 டிகிரி நீராவியில் சுருங்குவதோடு அதன் மூலக்கூறுச் சங்கிலிகளும் அறுபடும். கிருமி நீக்க எத்திலீன் ஆக்சைடு வாயுவையோ காமா கதிரையோ பயன்படுத்துங்கள். எத்திலீன் ஆக்சைடு என்றால் மிச்ச வாயு போகும்வரை காற்றோட்டத்தில் வைக்க வேண்டும்.

உப்பைச் சல்லடையில் 250 முதல் 425 மைக்ரான் வரை பிரித்து, மொத்த எடையில் 80 முதல் 90 சதவீதம் சேருங்கள். குறைந்தால் துளைகள் ஒன்றோடொன்று திறக்காது, உப்பும் உள்ளேயே சிக்கும். கரைத்து உலர்த்தியபின் எடை போடுங்கள். போட்ட பாலிமரைவிடக் கூடுதலாக இருந்தால் உப்போ கரைப்பானோ மிச்சம். கடைசியாகக் கழுவிய காய்ச்சி வடித்த நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் உப்பு இன்னும் போகவில்லை.

பி.எச். இறங்கக் காரணம் லாக்டிக் அமிலம். 1 கிராம் மாதிரிக்கு 30 மி.லி.க்குக் குறையாமல் பஃபர் ஊற்றி, அவ்வப்போது மாற்றுங்கள். தடித்த துண்டாக இருந்தால் அமிலம் நடுவில் தேங்கி, மேலே நன்றாக இருக்கும்போதே உள்ளே அரித்துவிடும். டி.சி.பி. தூள் கலந்தால் அமிலம் ஓரளவு அடங்கும். பி.எல்.ஏ. தண்ணீரை ஒட்டவிடாது என்பதால் முதலில் 70 சதவீத எத்தனாலில் நனைத்துவிட்டு பஃபருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் துளைகளில் காற்றுதான் நிற்கும். காமா கதிர் மூலக்கூறு எடையைக் குறைக்கும். ஆகவே சிதைவுச் சோதனையைக் கதிர் பட்ட மாதிரியில்தான் செய்ய வேண்டும்.