இலை காயாத ஊரில் என்ன வைக்கலாம்?

கேள்வி: "ஐயா, திண்டுக்கல்லிலிருந்து குழித்துறைக்குக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. 10 சென்ட் இடம், வீடு போக 6 சென்ட் தோட்டம். ஊரிலிருந்து கொண்டுவந்த ரோஜாக்கள் மழைக்காலத்தில் இலையெல்லாம் கொட்டிக் குச்சியாக நிற்கின்றன. மாதுளை பிஞ்சிலேயே கறுத்து வெடிக்கிறது. எலுமிச்சை இலையிலும் காயிலும் சொறி. தண்ணீருக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் ஏன் இப்படி? இங்கே என்ன மரம், என்ன பூச்செடி வைத்தால் நிற்கும்? மூலையில் பெரிய வருக்கைப் பலா ஒன்று நிற்கிறது. நிழல் அடிக்கிறது, வெட்டிவிடுங்கள் என்கிறார்கள். வெட்டலாமா?"

பதில்: உங்கள் கைராசியில் குறை இல்லை. திண்டுக்கல்லில் செடி சாவது தண்ணீர் கிடைக்காமல். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே இருக்கும் குழித்துறையில் சாவது ஈரம் காயாமல். ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழை ஓய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு மழை வந்துவிடுகிறது. மழை இல்லாத நாளிலும் ராத்திரிப் பனியும் கடற்காற்றின் ஈரமும் இலையில் படிந்திருக்கும். ரோஜாவின் கரும்புள்ளி நோய்க்குக் காரணமான பூஞ்சை இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து 7 மணி நேரம் போல நனைந்திருந்தாலே போதும். உங்கள் ஊரில் அது சாயங்காலம் தொடங்கி விடியுமுன் முடிந்துவிடும். மாதுளையைக் கறுக்க வைப்பதும் எலுமிச்சையில் சொறி உண்டாக்குவதும் பாக்டீரியா. மழைத்துளி தெறிக்கும்போது அதுவும் கூடவே தெறித்து அடுத்த இலைக்குப் போகிறது. இலைத்துளைப்பான் பூச்சி கோடு கோடாகக் கிழித்துவைத்த எலுமிச்சை இலையில் அதற்கு வாசல் திறந்தே கிடக்கிறது.

எனவே நர்சரியில் ஒரு செடியைப் பார்த்ததும் இலையைத் தொட்டுப் பாருங்கள். வழவழப்பாக, தடிப்பாக, நுனி வால்போல நீண்டு கூர்ந்திருந்தால் அது மழைக்காட்டுச் செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். மேலே விழுந்த தண்ணீரை நுனிவழியே வடித்துவிட்டுச் சீக்கிரம் காய்ந்துகொள்ளும். மிளகு, இலவங்கப்பட்டை, ஜாதிக்காய் எல்லாம் இந்த வகை. பஞ்சுபோல மயிர் படர்ந்த இலை, சாம்பல் பூத்த இலை, ஊசியாக நெருங்கிய இலை என்றால் வறண்ட நாட்டுச் செடி. லாவெண்டர், ரோஸ்மேரி இரண்டுக்கும் குழித்துறையில் காசைக் கொட்ட வேண்டாம். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் பெயர் தெரியாத செடியின் முன் நிற்கும்போது இந்தச் சோதனை நன்றாகவே கைகொடுக்கும்.

இன்னொன்று. "கன்னியாகுமரி மாவட்டத்தில் நன்றாக வரும்" என்று யாராவது சொன்னால், மாவட்டத்தின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தோவாளைப் பூச்சந்தையில் குவியும் பிச்சியையும் மல்லியையும் பார்த்துவிட்டு நம் வீட்டிலும் வைக்கலாமே என்று தோன்றும். தோவாளை ஆரல்வாய்மொழிக் கணவாயின் வாசலில் இருக்கிறது. அங்கே மழை குறைவு, காற்று ஓயாது. காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மா இல்லை. அந்தக் காற்று இலையைக் காயவைக்கிறது. உங்கள் பக்கத்துக் கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் வேறு உலகம். பிச்சி உங்களிடமும் வளரும், ஆனால் மதிலோரத்து மூலையில் வைக்காமல் தெற்குப் பார்த்த திறந்த வெயிலில் வையுங்கள்.

இனி மரங்கள். 6 சென்ட் என்பது ஏறக்குறைய 2,600 சதுர அடி. தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும், பலாவுக்கு அதற்கும் மேல். கணக்குப் போட்டால் இருக்கிற பலாவோடு சேர்த்து நான்கைந்து மரங்களுக்குத்தான் இடம். இந்தப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் நான் காணும் பெரிய தப்பே நெருக்கி வைப்பதுதான். கன்று சிறியதாக இருக்கும்போது இடம் காலியாகத் தெரியும். ஆறாவது வருஷம் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உள்ளே காற்றே புகாமல், பாதி மரம் பூசணம் பிடித்து நிற்கும். ஈரமான ஊரில் மரங்களுக்கு நடுவே விடுகிற இடைவெளியும் ஒரு மருந்துதான்.

உங்கள் இடத்துக்கு என் முதல் தேர்வு ரம்புட்டான். வெயிலும் மழையும் மாறி மாறிக் கிடைக்கிற உங்கள் பக்கம் அதற்கு ஏற்றது. விதையிலிருந்து வந்த கன்றை வாங்காதீர்கள். அது ஆண் மரமாகிப் பூத்துக்கொண்டே இருந்து காய்க்காமல் போகலாம். ஒட்டுக்கன்று மூன்று நான்கு வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். பழம் சிவக்கும்போது வௌவாலுக்கு வலை போட வேண்டிவரும், அதனால் உயரத்தைக் கவாத்து செய்து அடக்கியே வையுங்கள்.

மங்குஸ்தானில் கதை நேர்மாறு. அதன் விதை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாவதால் விதைக்கன்று தாய்மரத்தின் குணத்தையே கொண்டிருக்கும். ஒட்டுக்கன்று தேட வேண்டியதில்லை. ஆனால் காய்க்க எட்டுப் பத்து வருஷம் ஆகும், முதல் சில வருஷங்கள் நிழலும் வேண்டும். பொறுமை இருந்தால் வையுங்கள். அந்த நிழலைக் கொடுக்க உங்களிடம் பலா இருக்கிறதே. ஜாதிக்காயும் நிழலை விரும்பும், ஆனால் அதில் ஆண், பெண் மரங்கள் தனித்தனி. பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றைக் கேட்டு வாங்குங்கள். கொடம்புளிக்கும் அதே எச்சரிக்கை. கிராம்பை உங்கள் இடத்துக்குச் சொல்ல மாட்டேன். புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு மாறாமலை, வெள்ளிமலை போன்ற மலைத்தோட்டங்களின் விளைச்சல்.

மாமரம் பூப்பதற்கு ஒரு வறண்ட இடைவேளை வேண்டும். பூக்கிற சமயத்தில் மழையோ மூடுபனியோ வந்தால் பூங்கொத்து கருகிக் கொட்டிவிடும். எனவே சேலத்து, கிருஷ்ணகிரி ரகங்களை இங்கே கொண்டுவராமல் உள்ளூர்ச் செங்கவருக்கையைத் தேடிப் பிடியுங்கள். இந்த ஈரத்தோடு பழகியது அது. சாம்பக்காய், கொய்யா இரண்டும் தொல்லை இல்லாதவை. முருங்கையை மட்டும் மதிலோரத்தில் மேடான இடத்தில் வையுங்கள். வேரில் ஈரம் தங்கினால் அழுகிவிடும். மழைக்காலத்தில் காயை எதிர்பார்க்க வேண்டாம், கீரை போதும். வாழைக்கு மட்டி ரகம். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த உங்கள் மாவட்டத்துச் சொத்து அது. ஏத்தன் (நேந்திரன்) வைத்தால் குலை தள்ளியதும் முட்டுக் கொடுக்க மறக்காதீர்கள்.

பழைய செடிகளைப் பற்றி: மாதுளையை எடுத்துவிடுங்கள். அது சோலாப்பூர்போல வறண்ட சீமைக்கு உரியது, மருந்தடித்தே அதைக் காப்பாற்றுவது உங்களுக்குச் செலவு, மண்ணுக்குக் கேடு. எலுமிச்சையைத் திறந்த வெயிலில் தொட்டியில் வைத்து, சொறி பிடித்த கிளைகளை இலை காய்ந்திருக்கும் நாளில் வெட்டி எரித்துவிடுங்கள். ரோஜா இல்லாமல் மனசு கேட்காது என்றால் பன்னீர் ரோஜா, எட்வர்டு ரோஜா இரண்டில் ஒன்றைத் தொட்டியில் வைத்துக் கூரையின் இறவாரத்துக்கு உள்ளே, காலை வெயில் படும்படி வையுங்கள். மழை மேலே விழக்கூடாது. தண்ணீரை விடிந்த பிறகு தூரில் மட்டும் ஊற்றுங்கள்.

பூவுக்கு உங்கள் ஊரில் குறைவே இல்லை. இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி எல்லாம் வெயில் படும் பக்கத்துக்கு. பலா நிழலில் ஆந்தூரியம், பெரணி, ஹெலிகோனியா, மரத்திலேயே கட்டிவிட்ட ஆர்கிட். இலையிடுக்கில் தண்ணீர் தேக்கும் புரோமிலியாட் வகைகளை மட்டும் தவிருங்கள். டெங்குக் கொசு முட்டையிட அந்தத் தண்ணீர் போதும்.

மண் விஷயம் முக்கியம். உங்கள் பக்கம் சரளைக்கல் கலந்த செம்மண். அடியில் இறுகிய இடமாக இருந்தால், வெட்டிய குழி மழையில் கிண்ணம்போல நிரம்பி வடியாமல் நிற்கும். கன்று மூழ்கிச் சாகும். நடுமுன் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, மறுநாளும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குழியை மூடி, மேலே ஒன்றரை அடி உயர மேடு கட்டி அதில் நடுங்கள். சருகு மூடாக்கு நல்லதுதான், ஆனால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே போடுங்கள். பலத்த மழை சத்தையெல்லாம் கழுவிக்கொண்டு போவதால் இந்த மண் புளிப்பேறியிருக்கும். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைச் சோதித்துக் கேட்டுக்கொண்டு, அவர்கள் சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இடுங்கள். உரம் வைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே இட்டுவிட வேண்டும்.

மருந்தென்று ஒன்றே ஒன்று சொல்வேன், ரப்பர்த் தோட்டக்காரர்கள் இடவப்பாதிக்கு, அதாவது தென்மேற்கு மழைக்கு, முன்பு அடிக்கிற அதே போர்டோ கலவை. துருசு (மயில்துத்தம்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். உங்களுக்கு 100 கிராம், 100 கிராம், 10 லிட்டர் போதும். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துருசுக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. தேய்த்த இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றன்றே அடித்துவிட வேண்டும். மழைக்கு முன்பு அடித்தால்தான் காப்பு. இலை அழுகிய பிறகு அடிப்பதில் பலன் குறைவு.

கடைசியாக அந்தப் பலா. வெட்டாதீர்கள். நன்றாகக் காய்க்கும் வருக்கைச்சக்கை மரம் காசு கொடுத்தாலும் இன்றைக்குக் கிடைக்காது. ஜனவரி, பிப்ரவரியில், மழை ஓய்ந்த பிறகு, பத்தடி உயரம்வரை உள்ள கிளைகளைக் கழித்துத் தூக்கிவிடுங்கள். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சிம்புகளையும் எடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை (அதே கலவையைக் கெட்டியாகக் குழைத்தது) பூசுங்கள். காற்றும் காலை வெயிலும் கீழே இறங்கிவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது உங்கள் பக்கத்தில் ரப்பரும் வாழையும் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தது நினைவில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். வீட்டுக்கு மேல் நீண்ட கிளை ஏதாவது இருந்தால் அதை மட்டும் ஆள் வைத்து இறக்கிவிடுங்கள். தூரில் நல்லமிளகு ஏற்றுங்கள். நிழல் தாங்கும் கரிமுண்டா ரகம் வேண்டும். பன்னியூர் 1 ரகம் வெயில் கேட்கும், அது இங்கே வேண்டாம். கொடியை மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, வடகிழக்குப் பக்கமாக, மேடு கட்டி, ஜூன் மழை தொடங்கிய முதல் வாரத்தில் நடுங்கள். வேரில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் வந்து ஒரே மழையில் கொடி போய்விடும், எனவே ஓடை ஒன்று வெட்டித் தண்ணீரைத் தெருப்பக்கம் திருப்பிவிடுங்கள்.