பட்டை உரித்த கட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

காற்றில் விழுந்த மரத்தின் அடிக்கட்டையைக் கொண்டுவந்து, பட்டையை உரித்து, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷ் அடித்துத் தோட்டத்தில் நட்டேன். இன்னொரு துண்டைக் குடைந்து கூடு செய்தேன். ஓடைக் கூழாங்கல் பதித்த தண்ணீர்த் தொட்டியும் உண்டு. நான்கு மாதமாகிறது, ஒரு பறவைகூட எட்டிப் பார்க்கவில்லை. கூட்டின் வாசலை எந்தத் திசையில் வைக்க வேண்டும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

படங்களைப் பார்த்தேன். நல்ல கை உங்களுக்கு. அந்தக் கட்டையை வரவேற்பறையில் வைக்கலாம். தோட்டத்தில் எதற்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள். செத்த மரத்தில் சரக்கு இருப்பதே பட்டைக்கு அடியில்தான். வண்டுப்புழு, எறும்பு, கரையான், பூரான் எல்லாம் அங்கே. நீங்கள் கடையைக் காலி செய்துவிட்டுப் பெயர்ப்பலகைக்குப் பாலிஷ் போட்டிருக்கிறீர்கள். தானியம் பொறுக்கும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியைத்தான் ஊட்டும்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பட்டமரம் நின்றது. அப்பா கிளைகளை மட்டும் கழித்துவிட்டு அடிமரத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு அப்படியே விட்டார். பறவைப் பிரியர் என்றெல்லாம் நினைக்க வேண்டாம், வெட்டச் சோம்பல். இரண்டாவது வருடம் பட்டை பொருக்குப் பொருக்காக எழும்பியது. ஒருநாள் காலையில் மரத்தடியில் புதிதாகச் சிராய்த்தூள். அண்ணாந்தால் ஒரு மரங்கொத்தி, தலையைப் பொந்துக்குள் விட்டு வாய் நிறையச் செத்தையை எடுத்து வெளியே உதறுகிறது. என் சட்டையெல்லாம் தூள். அது குஞ்சு பொரித்துவிட்டுப் போன பொந்தை மறுவருடம் மைனா பிடித்துக்கொண்டது. பொந்து குடையத் தெரியாத பறவைகளுக்கு வேறு வழி ஏது? ஒரு மழையில் மரம் சாய்ந்தது. அப்பா அதையும் அப்புறப்படுத்தவில்லை, சுவரோரம் உருட்டிவிட்டார். அப்புறம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து அதன் மக்கைக் கிளறின.

இவ்வளவையும் பார்த்து வளர்ந்த நான், சொந்த வீட்டில் கிடைத்த முதல் கட்டைக்கே கரையான் மருந்து பூசினேன். அழகாகத்தான் இருந்தது, உங்களுடையதைப் போலவே. ஒரு பூச்சி அண்டவில்லை. அந்த எரிச்சலைத்தான் உங்கள்மேல் காட்டுகிறேன்.

தொட்டி சரி. தண்ணீர் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம், அடி சொரசொரப்பாக இருக்கட்டும். இரண்டு நாளைக்கொருமுறை மாற்றினால் கொசுவுக்கு வளர நேரம் இருக்காது. ஆனால் கூழாங்கல்லை ஓடையிலிருந்தா அள்ளினீர்கள்? அவற்றின் அடியிலும் ஒரு குடித்தனம் இருந்தது. தயவுசெய்து அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.

கூட்டு வாசலுக்குக் கீழே ஒரு குச்சி செருகியிருக்கிறீர்களே, அதைப் பிடுங்குங்கள். பறவைக்கு அது தேவையில்லை. கூட்டைக் கொள்ளையடிக்க வருவதற்குத்தான் வசதி. திசையா? சாரலும் உச்சி வெயிலும் நேராக அடிக்காத பக்கம். அவ்வளவுதான்.

வார்னிஷ் கட்டையை உள்ளே எடுத்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்து காபி குடியுங்கள். அந்த மரத்தில் பட்டையோடு ஒரு துண்டு மிச்சமிருந்தால், நிழலில் பாதி மண்ணுக்குள் புதைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அதில் நாய்க்குடை முளைத்தால் ஒரு படம் அனுப்புங்கள். பறவைப் படம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.